கேட்டுக்கு வெளியே நின்றவர்கள்

மதினி,

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பஸ்ஸில் இன்று ஜன்னலோர இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் கண்மாய்க்கரைக்கு அந்தப்பக்கம் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். சீமைக்கருவேல விறகு மண்ணுக்குள் புகைந்து கரியாகிற நெடி பஸ்ஸுக்குள் வந்து நிறைந்தது. பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏத்தா, அந்தச் சன்னலச் சாத்து" என்றார். சாத்தினேன். அதற்குள் நெடி எனக்குள் இறங்கிவிட்டது. நரிக்குடி வருகிறவரை நான் அந்தப் பஸ்ஸில் இல்லை. கென்யாவில், பூட்டிய ஒரு கேட்டுக்குள், செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, நீங்கள் எடுப்பதற்காகக் காத்திருந்தேன்.

நீங்கள் போய் இரண்டாவது ஆடி இது. நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே வீட்டுக்குள் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? தூரத்தில் இருந்த அந்தச் சில மாதங்களிலும் போன்தான். இப்போது போனும் இல்லாததால் எழுதுகிறேன்.

மதுரையில் நான் சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம் ஒரு பருவம் முழுக்க எங்காவது வேலை பார்த்துச் சான்றிதழ் வாங்கிவர வேண்டும். வெளிநாட்டில் குழந்தைகளுக்கு இல்லம் நடத்துகிற ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு மாணவியைக் கேட்டது. டிக்கெட், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. என் பெயர் வந்தது. சேதியை வீட்டில் சொன்னபோது அப்பா கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சட்டை முழுக்கத் தவிட்டுத் தூசி. மாட்டுத்தீவனக் கடைக்காரர் மகள் ஆப்பிரிக்காவுக்குப் போவதா என்று அவர் கோபப்பட்டிருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம். அவர் சிரித்தார்.

"பந்தல்குடிக்காரவுக தையில வச்சுக்கிடலாம்னு சொல்லியிருக்காக. இதுல எங்கிட்டுப் போறது?" என்றார்.

பந்தல்குடியில் லாரி வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளையை நான் ஒரே ஒருமுறை பார்த்திருந்தேன். அண்ணன் நிமிரவே இல்லை. அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அடுப்படி நிலையில் நின்றபடி நீங்கள் பேசினீர்கள். கூடத்தில் ஆண்கள் பேசும்போது குறுக்கே நீங்கள் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"போயிட்டு வரட்டும் மாமா. வந்த பெறகு நீங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டும். ஒரு கொறையும் வராம நான் பாத்துக்கிறேன். நான் பொறுப்பு."

அப்பா உங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "மருமக சொல்லுது, சரி" என்றார். எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. என்னைக் கேட்காமலே என்னைப் பேசி முடித்துவிட்டீர்கள். அடுப்படிக்கு வந்து கேட்டேன். நீங்கள் தோசைமாவைக் கரைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "இப்போதைக்குத் தலைய ஆட்டிவை தேனு. வந்தப்பறம் ஆட்டுறதா வேணாமான்னு பெறகு பாத்துக்கிடலாம்" என்றீர்கள். முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த வீட்டுக்குள் நீங்களும் இப்படித்தான் தலையை ஆட்டிக்கொண்டே இத்தனை வருடம் இருந்தீர்கள் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

விமானம், பிறகு ஒரு பகல் முழுக்க வேன். வெளிநாடு என்றால் எப்படியோ இருக்கும் என்று நினைத்திருந்த எனக்கு, கடைசியில் வேன் போய் நின்ற இடத்தைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. வறண்ட செம்மண். ஆடுகள். கண்ணுக்கு எட்டியவரை சீமைக்கருவேலம். அங்கே அதை மாத்தெங்கே என்கிறார்கள். நெற்றைத் தின்று தின்று ஆட்டுக்குப் பல் போய்விடுகிறது என்று அங்கேயும் திட்டுகிறார்கள். அங்கேயும் கரிமூட்டம் போடுகிறார்கள். முதல் நாளே உங்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நீங்கள் துணி எடுக்கிற சாக்கில் மொட்டைமாடிக்கு வந்திருந்தீர்கள்.

"இம்புட்டு தூரம் பறந்து போயி திருச்சுழியிலயா எறங்குன?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "சாப்பாடு?"

"மக்காச்சோளக் களி மதினி. தொட்டுக்கக் கீரை."

"களி திங்கவா கடல் தாண்டிப் போன? ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லீராத. கௌரவமே போயிரும்."

இல்லம் சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். வெள்ளையடித்த சுவர்கள், கொசுவலை போட்ட கட்டில்கள், வேளைக்குச் சாப்பாடு, பள்ளிச் சீருடை. அதை நடத்தியவர் ஐரோப்பாவிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு முதியவர். எல்லோரும் அவரைப் பாபு என்று கூப்பிட்டார்கள். அங்கே அதற்குத் தாத்தா என்று பொருள். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துவிடுவார். பேசும்போதே கண் கலங்கிவிடும். நான் போன அன்றே என் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் அறையில் இருந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். தொலைந்துபோனால் சிரமம், பாதுகாப்புக்காக என்றார். வெளியே தனியாகப் போகக் கூடாது, அதுவும் பாதுகாப்புக்காக. கேட் எப்போதும் பூட்டியிருக்கும். சுற்றிலும் கருவேல முள்ளை வெட்டி வேலி அடைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் ஆட்டுப்பட்டிக்கு அடைப்பது மாதிரியே.

முதல் வாரம் அது எனக்குப் பாதுகாப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் மாலை வேலியை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது, நான் நடப்பதே வேலிக்குள் சுற்றிச் சுற்றித்தான் என்று தெரிந்தது. வீட்டில் மொட்டைமாடியில் நீங்கள் நடப்பீர்களே, தண்ணித்தொட்டிக்கும் கைப்பிடிச்சுவருக்கும் நடுவே, அதுபோல.

என் வேலை குழந்தைகளைப் பற்றி எழுதுவது. ஒவ்வொரு குழந்தைக்கும் வெளிநாட்டில் ஆதரவு தருகிற ஒரு குடும்பம் இருந்தது. அவர்களுக்கு அனுப்பப் படம் எடுத்து, குழந்தையின் கதையை நாலு பத்தி எழுத வேண்டும். விருந்தினர் வருகிற நாட்களில் குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் பாடவைப்பதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் வந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கி மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். குழந்தைகள் சிரிப்பார்கள். எப்போது சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செபெட் என்ற ஒரு பெண்பிள்ளை மட்டும் பாடாது. ஏழெட்டு வயது இருக்கும். வாயை அசைக்கும், சத்தம் வராது. மதியச் சாப்பாடு முடிந்ததும் கேட்டுக்கு எதிரே இருந்த படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். விளையாடக் கூப்பிட்டால் வராது. ஒரு சந்தை நாளில் நானும் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாலைக்கு அந்தப்பக்கம், ஒரு மரத்தடியில், ஒரு பெண் நின்றிருந்தாள். தோளில் சுரைக்குடுவை தொங்கியது. அந்தப் பகுதியில் பாலை அதில் ஊற்றிப் புளிக்கவைத்துக் குடிப்பார்கள். அவள் கையை அசைக்கவில்லை, கூப்பிடவில்லை. சும்மா நின்றாள். செபெட்டும் அசையவில்லை.

"யார் அது?" என்று கேட்டேன்.

"மாமா" என்றது பிள்ளை. அங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாளிடம் ஓடினேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. அந்தப் பெண் சந்தைக்கு வரும்போதெல்லாம் வருவாள் என்றார். முன்பு உள்ளே விட்டோம், அவள் போனபிறகு பிள்ளை அழுது அழுது சாப்பிடவில்லை, அதனால் பாபு வேண்டாம் என்றுவிட்டார் என்றார். நான் திரும்பி வந்தபோது மரத்தடி காலியாக இருந்தது. செபெட் அதே படியில் இருந்தது.

அந்த வாரமே பாபு என்னைக் கூப்பிட்டார். செபெட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் ஆதரவு தர முன்வந்திருக்கிறது, கதையை எழுதிக்கொடு என்றார். "பெற்றோர் இருவரும் இல்லை என்று தொடங்கு."

"அவளுக்கு அம்மா இருக்கிறார். நான் பார்த்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த அம்மாவுக்கு நிலம் இல்லை, புருஷன் இல்லை. பஞ்ச காலத்தில் அவளேதான் கொண்டுவந்து விட்டாள். இங்கே பிள்ளை படிக்கிறது, சாப்பிடுகிறது. அம்மா இருக்கிற பிள்ளை என்று எழுதினால் யாரும் உதவ மாட்டார்கள். ஒரு வரிக்காக அவளைப் பட்டினி போடச் சொல்கிறாயா?"

அவர் கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். யோசிக்க அதிகம் நேரம் இல்லை என்று அவர் மென்மையாகச் சொன்னார். என் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் படிப்பு நின்றுவிடும். படிப்பு நின்றால் பந்தல்குடி. எல்லாவற்றுக்கும் மேலே, பொறுப்பு என்று சொல்லிவிட்டு வீட்டில் நின்றுகொண்டிருந்தது நீங்கள்.

அன்று மாலை உங்களைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தெருவில் ஒரு மோட்டார்பைக் போகிற சத்தம் கேட்டது. பிறகு எதிர்பாராத ஒன்றைக் கேட்டீர்கள்.

"அந்த அம்மா கேட்டு பக்கத்துல நின்னாகளா, தள்ளி நின்னாகளா?"

"தள்ளித்தான். ரோட்டுக்கு அங்கிட்டு."

"ம். மொதல்ல கிட்டக்கத்தான் நிப்பாக. போகப் போகத் தள்ளி நிப்பாக."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் மதினி?"

"நானும் நின்னவதான். ஒங்க வீட்டு வாசல்ல."

உங்கள் மகள் மீனாவுக்கு அப்போது இரண்டு வயது. எனக்குப் பத்து. நீங்கள் காரியாபட்டியில் டீச்சர் டிரெயினிங் முடித்தவர் என்று எனக்குத் தெரியும். அதே ஊரில் ஒரு பள்ளியில் உங்களுக்கு வேலை கிடைத்ததும், போய்ச் சேர்ந்ததும் எனக்குத் தெரியாது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். சரி, போய் என்னவென்று பார்த்துவிட்டு வா என்றாராம் அண்ணன். பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய், முதல் நாள் பாடம் நடத்திவிட்டு, சாக்பீஸ் தூசியோடு பஸ்ஸில் திரும்பி வந்தீர்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து அப்பா குரல் மட்டும் வந்தது. "வேலைக்குப் போறவளுக்குப் பிள்ள எதுக்கு? அங்கயே இருந்துக்கிடட்டும்."

"தட்டுனேன். பிள்ள தூங்குதுன்னாக. பிள்ள அழுற சத்தம் எனக்குக் கேக்குது, தூங்குதுங்கிறாக" என்றீர்கள். உங்கள் குரலில் அழுகை இல்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னீர்கள். "எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு மறுபடி மறுபடி வந்து பாத்தேன். மொதல்ல வாசப்படியில நின்னேன். பெறகு எதுத்த கடை ஓரமா நின்னேன். தெருவுல பாக்குறாகல்ல. கடைசியில வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்தேன். கதவத் தொறந்தாக. பிள்ளைக்கு என்னைய அடையாளம் தெரியல. ஒங்க அம்மா பின்னால போயி ஒளிஞ்சுக்கிருச்சு."

எனக்கு நினைவு வந்தது. மீனா ராத்திரியும் பகலும் அழுத நாட்கள். "அவுக அம்மா விட்டுட்டுப் போயிட்டா" என்று அம்மா பக்கத்து வீட்டாரிடம் சொன்னது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அவளுக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக் காட்டியது. நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். அந்த வீட்டில் நான் வளர்ந்த காலமெல்லாம் அதுதான் கதை. நீங்கள் கோபித்துக்கொண்டு போனவர், பிறகு திருந்தி வந்தவர்.

"மதினி, நான் என்ன செய்யட்டும்?"

"நீ என்ன செய்யணும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. அம்மா இல்லேன்னு மட்டும் எழுதிராத."

"சர்டிபிகேட் தர மாட்டாரு. வீட்டுல ஒங்களத்தான் கேப்பாக."

"கேட்டாக் கேக்கட்டும். இனிமேப்பட்டு என்னைய எங்க நிப்பாட்டப் போறாக?"

மறுநாள் பாபுவிடம் எழுத மாட்டேன் என்றேன். அவர் திட்டவில்லை. நீ சின்னப்பெண், புரியவில்லை என்றார். அன்றிலிருந்து குழந்தைகள் பக்கம் எனக்கு வேலை இல்லை. விருந்தினர்கள் அனுப்பிய பழைய உடுப்புகள் குவிந்துகிடந்த சாமான் அறையில் உட்கார்ந்து பிரித்து அடுக்கச் சொன்னார்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியே வேலிமுள் தெரியும். பாஸ்போர்ட்டைக் கேட்டேன். பயிற்சிக்காலம் முடிந்ததும் தருவேன் என்றார். யாரும் என்னை அடைத்துவைக்கவில்லை. கதவு திறந்தேதான் இருந்தது. ஆனாலும் போக இடமில்லை. அப்படி ஓர் அடைப்பு இருக்கிறது என்பதை உங்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

செபெட் மட்டும் சாமான் அறை வாசலுக்கு வரும். எதையும் கேட்காது. என் சுடிதார்த் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே நிற்கும். ஒருநாள், "அம்மா என்னை மறந்துவிட்டாள்" என்றது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "மறந்துவிட்டதால்தான் உள்ளே வருவதில்லை" என்றது.

அடுத்த சந்தை நாளில் சமையலுக்குக் காய் வாங்க வேன் போனபோது, எனக்குத் தைக்கிற ஊசிநூல் வேண்டும் என்று சொல்லி ஏறிக்கொண்டேன். சந்தைக்குப் பின்னால் குழந்தைகள் நலத்துக்கான அரசு அலுவலகம் இருப்பதை முதல் நாள் வேனில் வரும்போதே பார்த்துவைத்திருந்தேன். உள்ளே நடுத்தர வயது அம்மா ஒருவர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அந்த அம்மா இங்கேயும் வந்து அழுதிருக்கிறாள்" என்றார். "நான் போய்க் கேட்டால் அவர்கள், பிள்ளைக்கு யாரும் இல்லை, இவள் வேறு யாரோ என்கிறார்கள். உள்ளே இருக்கிற ஒருவர் என்னோடு நின்று, அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொல்வாயா?"

"சொல்வேன்."

"உன் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது?"

சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "இப்போதைக்குத் திரும்பிப் போய் எதுவும் தெரியாததுபோல் இரு" என்றார்.

அந்தக் காத்திருப்புத்தான் மதினி எல்லாவற்றிலும் கொடுமை. வேனில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நானாகவே அந்தக் கேட்டுக்குள் திரும்பிப் போனேன். காவல்காரர் பூட்டைப் போட்ட சத்தம் முதுகில் விழுந்தது. தினமும் விடியும்போது இன்று வருவார்கள் என்று நினைப்பேன். வரமாட்டார்கள். பாபு சாப்பாட்டு மேசையில் எனக்குப் பழத்தை நறுக்கிக் கொடுப்பார். அதைத் தின்னவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. உங்களுக்குப் போன் போட்டால், "வருவாக, வருவாக. அரசாங்கத்து ஆளு எங்கயும் ஆடி அசஞ்சுதான் வருவாக" என்பீர்கள். பிறகு மீனாவின் பரீட்சை, ரசத்துக்குப் புளி கூடிப்போனது, மாடி வெயில் என்று வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பீர்கள். நான் பதில் சொல்லாவிட்டாலும் நிறுத்த மாட்டீர்கள்.

வந்தார்கள். ஒரு ஜீப்பில் அந்த அதிகாரியும் ஒரு போலீஸ்காரரும், பின்னால் செபெட்டின் அம்மாவும். பாபு வாசலுக்கு வந்தார். அதிகாரி கேட்டார். பாபு, இந்தப் பெண் யாரென்று தெரியாது என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓர் அடி முன்னால் வந்தேன். பிறகு சொன்னேன். "இவர்தான் பிள்ளையின் அம்மா. சந்தை நாட்களில் அந்த மரத்தடியில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். இல்லையென்று எழுதச் சொல்லி என்னிடம் இவர் கேட்டார்." அவ்வளவுதான் பேசினேன். பாபு கீழே உட்கார்ந்துவிட்டார்.

கேட்டைத் திறந்தார்கள். செபெட் ஓடவில்லை. என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டது. நீங்கள் போனில் சொன்னது அப்படியே என் கண்முன்னே நடந்தது. அந்த அம்மா கிட்டே வரவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, தோளிலிருந்த குடுவையை இறக்கி மூடியைத் திறந்தாள். குடுவைக்குள் கரித்தூள் பூசிப் பாலைப் புளிக்கவைப்பார்கள். புகையும் புளிப்பும் கலந்த அந்த வாசனை எங்கள்வரை வந்தது. அவள் மூடியில் கொஞ்சம் ஊற்றி நீட்டினாள். என் துப்பட்டா நுனி மெல்ல நழுவியது. பிள்ளை ஒவ்வொரு அடியாக நடந்துபோய் அந்தப் பாலை வாங்கிக் குடித்தது. குடித்து முடித்தபிறகுதான் அவள் அதைத் தொட்டாள்.

"நான் அவளைப் பசியில்லாமல் வைத்திருந்தேன்" என்று பாபு அழுதார். அது உண்மை. இன்றும் அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மற்ற குழந்தைகள் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீப் போனபிறகு அவர்களில் ஒரு பையன் என்னிடம் வந்து, "என் அம்மா எப்போது வருவாள்?" என்றான். அவனுக்கு அம்மா இருந்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது. பாஸ்போர்ட் கைக்கு வந்தது. சான்றிதழ் வரவில்லை. அந்த இல்லம் தொடர்ந்து நடந்தது. பிறகு மூடினார்களா, மூடினால் அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பது எனக்கு எட்டவில்லை.

நான் நம் ஊருக்கு, அருப்புக்கோட்டைக்கு, வந்து சேர்வதற்குள் கல்லூரி வழியாகச் சேதி வீட்டுக்கு எட்டியிருந்தது; யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்தபிறகு அப்பா, "படிச்சது போதும். பந்தல்குடிக்குச் சொல்லிவிடுங்க" என்றார். யார் பேச்சைக் கேட்டு இப்படி அரசாங்கத்துக்காரர்களைக் கூட்டிவந்து நிறுத்தினாய் என்று அண்ணன் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் அடுப்படியிலிருந்து வந்து எனக்கு முன்னால் நின்றுவிட்டீர்கள்.

"நான்தான் சொன்னேன். பிள்ளைய அம்மாகிட்ட விடச் சொன்னேன்."

கூடத்தில் எல்லோருக்கும் எந்தப் பிள்ளை, எந்த அம்மா என்று புரிந்தது. மீனாவுக்கு மட்டும் புரியவில்லை. அவள் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் நீங்களே பந்தல்குடிக்குப் போன் போட்டு, பொண்ணுக்கு விருப்பம் இல்லை, மன்னிச்சுக்கிடுங்க என்று சொல்லிவிட்டீர்கள். அதற்கான விலையையும் நீங்களே கொடுத்தீர்கள். அண்ணன் உங்களிடம் மாதக்கணக்கில் பேசவில்லை. உங்கள் தம்பி வீட்டு விசேஷத்துக்குக் காரியாபட்டி போக விடவில்லை. நான் மறுபடி பணம் கட்டாமல் அந்தப் பருவத்தை மதுரையிலேயே வேறொரு இடத்தில் முடிக்கக் கல்லூரி ஒத்துக்கொண்டது. பஸ்ஸேறும்போதெல்லாம் நீங்கள் மாடியில் நின்று பார்ப்பீர்கள்.

மார்பில் கட்டி வந்ததை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமாவது சொல்லியிருக்கலாம். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் எங்களைத் திட்டினார். வார்டில் படுத்துக்கொண்டு நீங்கள், "பாத்தியா தேனு, கேட்டு, வாட்ச்மேன், பாஸ், எல்லாம் இருக்கு. ஒன் கென்யாதான்" என்று சிரித்தீர்கள். ஒருநாள் நாம் இருவர் மட்டும் இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அன்னைக்குக் கதவச் சாத்துன வெசயம் மீனாவுக்குத் தெரிய வேணாம். அவ இருக்கப்போறது அந்த வீட்டுலதான். அவுக அப்பா மூஞ்சியப் பாத்துத்தான் சோறு திங்கணும்."

சரி என்றேன்.

இப்போது நான் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் விடுதிகளிலும் இல்லங்களிலும் இருக்கிற குழந்தைகளின் வீடுகளைத் தேடிப் போகிற வேலை பார்க்கிறேன். காலையில் உங்கள் அடுப்படியில் எல்லோருக்கும் சமைத்துவைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அப்பாவுக்கு இப்போது காது கேட்பதில்லை. அம்மா படியேறுவதில்லை. அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்கிறார். கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது, ஏனென்றால் நான் போய்விட்டால் அந்த வீட்டில் சோறாக்க ஆள் இல்லை. உங்கள் இடத்தில் நான் நிற்கிறேன். ஆகையால் நீங்கள் எப்படி நின்றீர்கள் என்று கொஞ்சம் தெரிகிறது.

போன வாரம் உங்கள் திதி. இலை போட்டுப் படைத்தோம். தூரத்துச் சொந்தத்தில் ஓர் அத்தை வந்திருந்தாள். அம்மா அவளிடம் பேசிக்கொண்டிருந்தவள், வழக்கம்போல, "நல்லவதான், பாவம். சின்னதுல பிள்ளைய விட்டுட்டுப் போனா, அது ஒண்ணுதான்" என்றாள். மீனா தண்ணீர் டம்ளர்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டாள், உங்கள் உயரம் வந்துவிட்டது. அவள் தலையைத் திருப்பாமலே, "அதான் தெரியுமே அப்பத்தா, எத்தன தடவ சொல்லுவீக" என்றாள். வலிக்காத குரல். பழகிப்போன குரல். அம்மா மறந்துவிட்டதால்தான் உள்ளே வருவதில்லை என்று சொன்னதே ஒரு பிள்ளை, அதே குரல்.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை மதினி.

"ஒங்க அம்மா விட்டுட்டுப் போகல" என்றேன். "வேல பாத்துட்டு வந்தாக. நாங்க கதவத் தொறக்கல. ஒன்னையக் காட்டல. ஒனக்காகத்தான் அந்த வேலையவே விட்டாக."

அம்மா என்னை ஏசத் தொடங்கினாள். மீனா அவளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சாப்பிட உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள்.

"நெசமாப்பா?"

அவர் இல்லை என்பார் என்றுதான் நான் நினைத்தேன். கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தார்.

"ஆமா" என்றார்.

"அம்மா வெளிய நின்னது ஒங்களுக்குத் தெரியுமா?"

அண்ணன் இலையிலிருந்து நிமிரவில்லை. "சன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

மீனா டம்ளர்களை வைத்துவிட்டு உங்கள் படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாள் அண்ணனிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, அம்மா என்ன பாடம் நடத்தினார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. காரியாபட்டிக்குப் போய் அவள் மாமாவிடம் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் போவதற்கு அண்ணன் தடை சொல்லவில்லை.

ஆனால் எனக்குள் ஒன்று இறங்காமல் நிற்கிறது. நீங்கள் எதிர்த்த கடை ஓரமாக நின்றபோது, எங்கள் வீட்டுச் சன்னலுக்குப் பின்னால் அவர் நின்றிருந்ததை நீங்கள் பார்த்தீர்களா? பார்த்துவிட்டுத்தான் அதன்பிறகு இத்தனை வருடம் அவருக்குச் சூடாகச் சோறு போட்டீர்களா? ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பொழுதில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். கேட்க எனக்குத் தெரியவில்லை.

தேன்மொழி